‘வீட்டில் செய்து வா’ – எந்த வீட்டில்?

1

“பெற்றோர் உதவியுடன் வீட்டில் செய்து வரவும்.”

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் டைரியில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருகிற வரி இது. குடும்ப மரம் வரைந்து தாத்தா பாட்டி போட்டோ ஒட்டி வா. ஐஸ் குச்சியில் வீடு செய்து வா. சமையலறைச் சாமான்களை எண்ணி அளந்து எழுதி வா. ‘நமக்கு உதவுவோர்’ படம் சேகரித்து வா. கல்வியாளர்களிடம் கேட்டால் இதற்கு அழகான விளக்கம் தருவார்கள்: மனப்பாடத்திலிருந்து விடுதலை, விளையாட்டாகக் கற்பது, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நெருக்கம். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

நான் ஒரு வங்கியில் எழுத்தர். கவிதையும் எழுதுகிறவன். நான் குடியிருக்கிற சிறுநகரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்தது துப்புரவுத் தொழிலாளர் காலனி. என் மகளும் அந்தக் காலனிப் பையன் ஒருவனும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. போன வருசம் ‘நமக்கு உதவுவோர்’ வந்தது. நான் ஃபேன்ஸி ஸ்டோரில் சார்ட் அட்டையும் படத்தாளும் வாங்கிவந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். டாக்டர், போலீஸ், தபால்காரர், ஆசிரியை. மகள் எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். மறுநாள் அவளுக்கு மூணு ஸ்டார். அந்த ஸ்டார் அவளுக்கா, எனக்கா, என் சம்பளத்துக்கா?

அந்தப் பையன் அட்டை கொண்டுபோகவில்லை. அவன் அம்மா விடியக்காலை நாலரைக்குத் துடைப்பத்தோடு கிளம்புகிறவள். அப்பனுக்கு ராத்திரி வேலை. டீச்சர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கனிவாகத்தான் சொல்லியிருக்கிறார்: “ஒங்க அம்மா அப்பா போட்டோவையே ஒட்டிக்கிட்டு வாடா, அவங்களும் நமக்கு உதவுறவங்கதானே.” வகுப்பே சிரித்திருக்கிறது. என் மகள்தான் வந்து சொன்னாள். அவளும் சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பையன் மூணு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் நாள் அவன் அம்மா பணம் எடுக்க வங்கிக்கு வந்தவள், கவுன்ட்டரில் குனிந்து என்னிடம் கேட்டாள்: “சார், அந்த அட்டை எங்க சார் விக்கிது? எவ்வளவு சார்?”

கடையைச் சொன்னேன். விலையைச் சொன்னேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னது தப்பான பதில் என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது. சரியான பதில் எது என்று தேடிப்போனதில் எழுதியதுதான் இது.

2

முதலில் ‘வீடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாடம் தயாரிக்கிறவர்கள் அந்தச் சொல்லைக் காற்று, வெளிச்சம் மாதிரி எல்லோருக்கும் பொதுவானதாக எழுதுகிறார்கள். அவர்கள் மனத்தில் இருக்கிற வீட்டில் சமையலறை தனி அறை. அங்கே அடுக்கடுக்காக டப்பாக்கள். ஒரு மேசை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிற, படித்த, களைத்துப்போகாத ஒரு தாய். சுவரில் தாத்தாவின் போட்டோ. குடும்ப மரத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர்.

சேரியில் ஒற்றை அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் படுக்கை, அதில்தான் பாட்டியின் இருமல். எங்கள் அப்பாயிக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. அதுவும் ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அதை வெட்டி மரத்தில் ஒட்டினால் அப்புறம் ரேஷன் கடைக்கு எதைக் கொண்டுபோவது? கொள்ளுத் தாத்தா பெயர் என்ன என்று கேட்டால், பண்ணையில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் வீட்டில் நினைவிருக்கிறது. அதை ஒரு குழந்தை எழுதிக்கொண்டுபோய் வகுப்பில் வாசிக்க வேண்டுமா? ‘அப்பாவின் தொழில்’ என்று ஒரு கட்டம் போடுகிறார்களே, அந்தக் கட்டத்தில் சாதியைத் தவிர வேறென்ன கேட்கப்படுகிறது? சாதிச் சான்றிதழை அலுவலகத்தில் காட்டுகிறோம், பரவாயில்லை. அது உரிமைக்கான தாள். ஆறு வயதுப் பிள்ளை கலர் பென்சிலால் தன் சாதியை வரைந்து வகுப்புச் சுவரில் தொங்கவிட வேண்டும் என்பது எந்தக் கல்வி உளவியல்?

வகுப்பில் போட்ட கணக்கு தப்பினால் அது பிள்ளையின் தப்பு, டீச்சர் திருத்தலாம். வீட்டில் செய்து வரச் சொன்னது தப்பினால் அது வீட்டின் தப்பு ஆகிறது. அதை யார் திருத்துவது? ‘பேரன்ட்ஸ் கோஆபரேஷன் இல்ல’ என்று ஒரே வரியில் தீர்ப்பு. படிப்பு வரவில்லை என்ற பழைய இழிவின் மேல், படிக்க வைக்கத் தெரியாத ஜனம் என்று இன்னொரு இழிவு.

2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் சுற்றறிக்கை விட்டது. நல்லதுதான். ஆனால் நடந்தது என்ன? நோட்டில் எழுதும் வீட்டுப்பாடம் முன்வாசலால் போனது. ‘புராஜெக்ட்’, ‘ஆக்டிவிட்டி’ என்று வேறு சட்டை மாட்டிக்கொண்டு பின்வாசலால் வந்தது. பழைய வீட்டுப்பாடத்துக்குப் பென்சிலும் நோட்டும் போதும். எங்கம்மா படிக்கத் தெரியாதவள், ஆனாலும் “பத்து தடவ எழுதிட்டியாடா” என்று அதட்டத் தெரியும். புதியதற்கோ அட்டை, பசை, கலர் பிரின்ட், வாட்ஸ்அப், ஒரு முழு ராத்திரி வேண்டும். அடக்குமுறை குறைந்ததாகச் சொல்கிறார்கள். செலவு கூடியிருக்கிறது.

3

‘வீட்டில் கற்றுக்கொள்’ என்று இந்த மாநிலம் நம்மிடம் சொல்வது முதல் தடவை அல்ல.

1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து மாற்றி மாற்றி வரச் சொன்னார்கள். சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயம் போலவே ஒலித்தன: பணம் இல்லை, ஆசிரியர் இல்லை, அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம், ஏட்டுக் கல்வி வாழ்க்கையை விட்டு விலகிவிட்டது, உழைப்பின் மேன்மையைப் பிள்ளை உணரட்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டுத் தெருவுக்கு இறங்கினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

வாசகர் கேட்கலாம்: அட, ஐஸ் குச்சி வீட்டுக்கும் குலக்கல்விக்கும் என்னய்யா சம்பந்தம்? டீச்சரம்மா என்ன ராஜாஜியா?

இல்லை. டீச்சரம்மா நல்லவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நோக்கம் வேறு, ஏற்பாடு வேறு. 1953இன் ஏற்பாடு என்ன? பள்ளி தன் கடமையில் ஒரு பகுதியைக் கழற்றி வீட்டிடம் கொடுத்தது. இந்த நாட்டில் வீடுகள் சாதிவாரியாக நிற்கின்றன. ஆகவே வீட்டிடம் கொடுத்ததெல்லாம் சாதியிடம் போய்ச் சேரும். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு மீதி நேரமும் கல்வியாகக் கிடைக்கும். மலம் அள்ளுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு வாளி கிடைக்கும். அன்றைக்குத் தந்தையின் தொழிலை ‘வீட்டில் கற்று வா’ என்றார்கள். இன்றைக்குத் தந்தையின் சம்பளத்தை, தாயின் ஓய்வை, தாத்தாவின் போட்டோவை ‘வீட்டிலிருந்து கொண்டு வா’ என்கிறார்கள். பிள்ளையின் அறிவுக்குப் பதிலாக வீட்டின் கையிருப்புக்கு மதிப்பெண் போடுகிற வேலை அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

குலக்கல்வியை எதிர்த்ததாகப் பெருமை பேசுகிற வீடுகளிலேயே இன்று அப்பா என்ஜினீயர் சார்ட் ஒட்டுகிறார். பிள்ளை ஸ்டார் வாங்குகிறது. இதைச் சொன்னால் நம்மைக் குறுகிய பார்வைக்காரன் என்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தோழர்களே.

4

நம் ஆட்களிடம் ஒரு வாதம் உண்டு. ‘பாபாசாகேப் வீட்டில் படிக்கலையா? மண்ணெண்ணெய் விளக்குல படிக்கலையா? வசதி இல்லேன்னு சொல்லாதீங்க, மனசு வேணும்.’ மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் விழும். வரலாறு வேறு சொல்கிறது.

சத்தாராவில் படித்த காலத்தில் அம்பேத்கர் உட்காரத் தனிக் கோணிச் சாக்கு. அதைப் பள்ளியின் வேலையாள் தொட மாட்டார். ஆகவே தினமும் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் எடுத்துவர வேண்டும். அவரே எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், ‘வீட்டிலிருந்து கொண்டு வா’ என்று பள்ளிக்கூடம் ஒரு தலித் குழந்தையிடம் கேட்ட பொருள் தன் தீட்டைத் தானே சுமக்கிற சாக்கு.

அவருக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தவர் யார்? சுபேதார் ராம்ஜி. பட்டாளத்தில் படித்தவர், பட்டாளப் பள்ளியில் ஆசிரியராக, தலைமையாசிரியராக இருந்தவர். அந்த வீட்டில் கல்வி வானத்திலிருந்து விழவில்லை. அன்றைய பட்டாளத்தில் படைவீரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் படிப்பு கட்டாயம். அரசு நடத்திய பள்ளி ஒன்று முதலில் தகப்பனைப் படிக்க வைத்தது. அதற்கப்புறம்தான் அந்த வீடு பிள்ளையைப் படிக்க வைத்தது. 1890களில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை வெள்ளை அரசு நிறுத்தியபோது எத்தனை ராம்ஜிகள் உருவாகாமல் போனார்கள் என்று கணக்குப் போட்டவர் உண்டா? முதலில் பள்ளி, பிறகு வீடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு மனசு வேணும் என்று பேசுவது நம் சனங்களையே குற்றவாளியாக்குகிற பேச்சு.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். 1894இல் சென்னையில் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளியை ஆல்காட் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் அந்த முயற்சிக்குத் துணைநின்றார். அவர்கள் வீட்டுக்கு ஒரு வாத்தியார் வேண்டும் என்றா கேட்டார்கள்? திருவிதாங்கூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி, எங்கள் பிள்ளைகள் பள்ளியில் நுழையாவிட்டால் உங்கள் வயலில் நாங்கள் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் நிறுத்தினார். வயலைத் தரிசாகப் போட்டு அவர்கள் கேட்டது பள்ளிக்கூடத்தின் வாசல். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை அல்ல.

5

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. பத்தொன்பது மாதம். அந்த 2020 ஏப்ரலிலேயே டெல்லியில் என்.சி.இ.ஆர்.டி. தொடக்க வகுப்புகளுக்கு மாற்றுக் கல்வி நாட்காட்டி வெளியிட்டது: வாரவாரம் வீட்டில் செய்ய வேண்டியவை, பெற்றோரிடம் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போன் செய்யுங்கள், எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எங்க ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அது அப்பனோடு கட்டட வேலைக்குத் திருப்பூர் போயிருந்தது. பிள்ளை எதில் பார்க்கும்?

பிறகு 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். தேசியக் கல்விக் கொள்கையின் பின்வாசல் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் நியாயமானது. ஆனால் நம் கேள்வி அதற்கும் முந்தியது: மையம் எந்தத் தெருவில்? ஊர்க் கோயில் மண்டபத்தில் என்றால் எங்கள் பிள்ளை எந்தப் படியில் உட்காரும்? ஊர்த் தெருத் திண்ணையில் என்றால் செருப்பை எங்கே கழற்றும்? அந்தத் திட்டத்தில் நம் பெண்கள் பலர் காலனிக்குள்ளேயே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மறுக்கவில்லை, மதிக்கிறேன். அங்கே வேலை நடந்ததற்குக் காரணம், கற்றல் ஒற்றை அறையிலிருந்து தெருவுக்கு வந்தது. ‘இல்லம்’ என்பது பெயரில் மட்டும்தான் இருந்தது. பாடம் அதுதான்: பிள்ளைக்கு வேண்டியது வீட்டுப் பயிற்சி அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொது இடம்.

6

இன்னொரு பக்கமும் பேசியாக வேண்டும். ‘எங்க வீட்ல என்னா இருக்கு, ஒன்னும் இல்ல’ என்று நாமே சொல்கிறோமே, அதுவும் பொய்.

எங்கம்மா கீழத்தஞ்சையில் நடவும் அறுப்பும் செய்தவள். அறுவடைக் கூலி மரக்காலில். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதை எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை, களத்துமேட்டில் அவள் சொன்னாள். பண்ணையில் வாங்குகிற மரக்கால் ஒன்று, கூலி அளக்கிற மரக்கால் ஒன்று. இரண்டும் ஒன்றல்ல என்றும் சொன்னாள். கூலி நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து நம்ம படியில் திரும்ப அளந்து, “பாரு, அரப்படி கொறையுது” என்று காட்டுவாள். எனக்கு அப்போது ஆறு ஏழு வயசு. ‘அரை’ என்ற பின்னத்தை நான் கற்றது அப்படித்தான். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதில் மூண்ட பகைதான் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணிக் குடிசைக்குள் 44 பேரை எரித்தது. எங்கள் பக்கத்தில் அரை என்பது ஆப்பிள் படம் போட்டுச் சொல்லித்தருகிற சமாச்சாரம் அல்ல.

இதைக் கேட்டதும் நாட்டார் வழக்காற்றுக்காரர்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்: ஆகா, மக்களின் மரபறிவு! நிறுத்துங்கள். அவளுக்கு அளக்கத் தெரிந்தது. பண்ணையின் கணக்குப் புத்தகத்தை வாசிக்கத் தெரியவில்லை. அரைப்படி குறைந்தது தெரிந்தது. அவள் பெயரில் எழுதியிருந்த கடன் எவ்வளவு என்பது சாகும்வரை தெரியவில்லை. சேரியின் அறிவைக் கொண்டாடிவிட்டு சேரியை அங்கேயே விட்டுவிட்டுப் போவதும் குலக்கல்விதான். அந்த அறிவு எழுத்தைச் சந்திக்க வேண்டும்.

அந்தச் சந்திப்பை நான் கவுன்ட்டரில் பார்க்கிறேன். ரேகை வைக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் மூணாங் கிளாஸ் பெண்பிள்ளை எம்பி நின்று, பணம் எடுக்கும் சீட்டில் தொகையை எழுத்தால் எழுதுகிறது. ‘ஆயிரத்து இருநூறு மட்டும்’. ‘மட்டும்’ எதற்கு என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டது. பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாமல் இருக்க என்றேன். சட்டென்று தலையாட்டியது. அதன் அம்மாவும் தலையாட்டினாள். இதற்கு எந்த டைரியிலும் ஸ்டார் கிடையாது.

7

ஆக, என்ன செய்வது?

பள்ளியிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, தொடக்க வகுப்புகளில் மதிப்பெண்ணோ ஸ்டாரோ போடப்படும் எந்தச் செயல்பாடும் பள்ளி நேரத்தில், பள்ளி தரும் பொருளைக் கொண்டு, வகுப்பிலேயே செய்யப்பட வேண்டும். செயல்வழிக் கற்றல் என்று 2007இலிருந்து மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் அட்டைகளையும் கம்பிப் பந்தல்களையும் வைத்தார்களே, குறை எவ்வளவு சொன்னாலும் அந்த அட்டைகள் பள்ளியில் இருந்தன. பிள்ளை வாங்கிவர வேண்டியதில்லை. இரண்டு, தகப்பன் தொழில், குடும்ப மரம், வீட்டுப் படம் கேட்கிற பயிற்சிகள் ஒழிய வேண்டும். மூன்று, ‘நமக்கு உதவுவோர்’ பாடத்தில் துடைப்பத்தோடு ஒருவரை நிறுத்தி நன்றி சொல்லச் சொல்வதை நிறுத்த வேண்டும். நன்றி யாருக்கு வேண்டும்? அந்தத் துடைப்பம் ஏன் ஒரே காலனியின் கையில் இருக்கிறது என்பதை ஐந்தாம் வகுப்பிலாவது கேட்க வையுங்கள்.

நம்மிடம் நாமே கேட்க வேண்டியது ஒன்று. சம்பளம் வாங்குகிற நாம், வங்கியிலும் தாலுகா ஆபீசிலும் பள்ளியிலும் இருக்கிற நாம், நம் பிள்ளைக்கு ராத்திரி பத்து மணி வரை அட்டை ஒட்டுகிறோம். அந்த ஒரு மணி நேரத்தைக் காலனிக்குக் கொடுத்தால் என்ன? மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சிலை மாலைக்கும் சுவரொட்டிக்கும் ஓடுகிற கால், வாரத்தில் மூணு சாயங்காலம் சேரி சமுதாயக் கூடத்துக்கும் நடக்கட்டும். சாக்பீசும் தாளும் நம் செலவு. பிள்ளை வெறுங்கையோடு வரட்டும்.

என்ன சொல்லிக்கொடுப்பது என்று திகைக்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை போதும். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணட்டும், பத்துக் குவியலுக்கு நூறு என்று கண்ணால் பார்க்கட்டும். தன் பெயரை, அம்மா பெயரை மணலில் எழுதட்டும். ஆறு வயதுப் பிள்ளை காலடியால் அளக்கட்டும்: நம்ம தெருவின் அகலம் எத்தனை அடி, ஊர்த் தெரு எத்தனை அடி? நம்ம குழாய்க்கு எத்தனை எட்டு, அவுங்க குழாய்க்கு எத்தனை எட்டு? தெருவிளக்கு இங்கே எத்தனை, அங்கே எத்தனை? கூட்டல், கழித்தல் இரண்டும் இதிலேயே இருக்கிறது. ஏழு எட்டு வயதில் ரேஷன் கார்டை, கரண்ட் அட்டையை, அம்மாவின் கூலிச் சீட்டை வாசிக்கட்டும். ஆயாவிடம் ஒரு கதை கேட்டு வந்து சொல்லட்டும், நாம் எழுதிக் காட்டுவோம், அதையே அது வாசிக்கட்டும். தன் வாயிலிருந்து வந்த சொல் எழுத்தாக நிற்பதைப் பார்த்த பிள்ளை எழுத்தைக் கண்டு பயப்படாது.

அரசு செய்ய வேண்டியதை நாமே செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளாதா என்று ஒரு தோழர் கேட்டார். சரியான கேள்வி. சாயங்காலம் நாம் செய்வது பள்ளிக்கு மாற்று அல்ல. அங்கே அளந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு பெற்றோர் கிராமசபைக்குப் போக வேண்டும். அங்கே பேசக் கற்ற தாய் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து, ‘இந்த அட்டைய ஏன் நாங்க வாங்கணும்?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வராத வரைக்கும் நாம் நடத்துவது ட்யூஷன்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

8

அந்தப் பையனின் அம்மா திரும்பவும் வங்கிக்கு வந்தாள். அட்டை வாங்கியதாகவும், பையனே படம் வரைந்ததாகவும், கொண்டுபோகிறதுக்குள் தேதி முடிந்துவிட்டதாகவும் சொன்னாள். என்ன படம் என்று கேட்டேன். குப்பை லாரி. டிரைவர் சீட்டில் தன்னையே போட்டிருக்கிறானாம். அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. எனக்குப் பயம் மட்டும்தான்.

“அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன்கா” என்றேன். “அந்த அட்டைய நீங்க வாங்க வேண்டியதில்ல. பள்ளிக்கூடம் வாங்கணும்.”

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “இத அங்க வந்து நீங்க சொல்லுவீங்களா சார்?”

வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் தனியாகப் போனால் ஒரு தகப்பன். காலனியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து போனால் அது வேறு. அந்தப் பத்துப் பேரைச் சேர்க்கிற வேலை இந்த வாரம் தொடங்குகிறது.